சுவருக்குக் காது மட்டுமா? வாயும் உண்டு!

தெருவோர ஸ்டிக்கர்களையும் கைபேசியையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தோம். கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். கடித உறை முழுக்க ஸ்டிக்கராக ஒட்டி அனுப்பிய லாவல் வாசகருக்கு: உறையை இன்னும் பிரிக்க முடியவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அடுத்த இதழில்.

● கம்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவதைக் கலை என்கிறீர்களே, மனசாட்சி உண்டா?
— சொத்துவரி கட்டுபவர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ

1989-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஷெபர்ட் ஃபேரி என்ற கலைக்கல்லூரி மாணவர், ஆந்த்ரே என்ற மாமல்லரின் முகத்தை ஸ்டிக்கராக அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டினார். எதற்கு என்று ஒரு வரி விளக்கம் இல்லை. பார்த்தவர்கள் எந்தக் கட்சி, எந்தக் கடை, எந்த மதம் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2008 தேர்தலில் ஒபாமாவின் புகழ்பெற்ற ‘ஹோப்’ சுவரொட்டியை வரைந்ததும் அதே கைதான். உங்கள் சொத்துவரி உங்கள் ஊர் டு சலபெரி வீதி நகரமண்டபத்தோடு நின்றுவிடுகிறது. அவருடைய பசை வெள்ளை மாளிகை வாசல்வரை போயிருக்கிறது.

● ஒட்டிய காகிதத்தையும் இணையத்தையும் இணைக்கும் வேலையை முதலில் செய்தவர் யார்?
— கணினி மாணவி, பியர்ஃபோன்ட்ஸ்

முதல் ஆள் யாரென்ற சண்டைக்கு நான் வரவில்லை. அழகாகச் செய்தவர்களைச் சொல்கிறேன். 2004-இல் நியூயோர்க்கில் ‘யெல்லோ ஆரோ’ என்றொரு திட்டம் தொடங்கியது. மஞ்சள் அம்புக்குறி ஸ்டிக்கர். ஒவ்வொன்றிலும் தனிக் குறியெண். உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தில் ஒட்டி, அந்த எண்ணோடு உங்கள் செய்தியைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிட வேண்டும். பிறகு அவ்வழியே போகும் யாரோ ஒருவர் அதே எண்ணை அனுப்பினால், நீங்கள் விட்டுப்போன செய்தி அவர் கைபேசிக்கு வந்து சேரும். “இந்தப் படிக்கட்டில்தான் அவளைச் சந்தித்தேன்” என்கிற மாதிரி விஷயங்களை முன்பின் தெரியாதவருக்குச் சொல்லிவிட்டுப் போகலாம். ஐபோன் பிறக்க இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. கேமரா வேண்டாம், செயலி வேண்டாம். அம்பு 30-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பறந்தது.

● அமெரிக்கக் கதை போதும். கனடாவில் ஒன்றுமே இல்லையா?
— நாட்டுப்பற்றாளர், டொரொண்டோ

இருக்கிறது, அதுவும் அவர்களுக்கு முன்பே. 2003-இல் உங்கள் கென்சிங்டன் மார்க்கெட்டில் ‘மர்மர்’ தொடங்கியது. காது வடிவத்தில் பச்சைப் பலகை, அதில் ஒரு தொலைபேசி எண், அந்த இடத்துக்குரிய குறியெண். அழைத்தால், நீங்கள் நிற்கும் அதே மூலையில் முன்பு நடந்ததை, அங்கே வாழ்ந்த ஒருவர் தம் சொந்தக் குரலில் சொல்வார். நகரசபை வரலாறு அல்ல; மூலைக்கடை, முதல் வேலை, வாடகை பாக்கி. பிறகு வன்கூவருக்கும் எங்கள் மொன்றியல் சென் லோரான் வீதிக்கும் அந்தக் காதுகள் வந்தன. சுவருக்குக் காது உண்டு என்று நம் பெரியவர்கள் எச்சரித்தார்கள். வாயும் வைத்துவிட்டது கனடா.

● மொன்றியலில் இப்படி ஒட்டியோ வரைந்தோ பிடிபட்டால் என்ன ஆகும்?
— பதினேழு வயது, பெயர் வேண்டாம்

பெயர் வேண்டாம் என்பதிலேயே உங்கள் திட்டம் தெரிகிறது, தம்பி. ‘ரோட்ஸ்வொர்த்’ என்ற பெயரில் இயங்கும் பீட்டர் கிப்சன், 2001 முதல் மொன்றியல் வீதிகளின் வெள்ளைக்கோடுகளைச் சங்கிலியாகவும் பூவாகவும் மாற்றிக்கொண்டிருந்தார். 2004-இல் இரவில் பிடிபட்டார். குற்றச்சாட்டுகள் 53. மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். தண்டனை லேசாக முடிந்தது. பின்னர் நகரமே அழைத்து வரையச் சொல்லிப் பணம் கொடுத்தது. 2008-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அவரைப் பற்றி ஆவணப்படமும் எடுத்துவிட்டது.

இதில் கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு அம்மாவிடம் காட்டாதீர்கள். பிறர் சொத்தைக் கெடுப்பது குற்றவியல் சட்டத்தின் 430-ஆம் பிரிவில் வரும். 53 குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு எல்லோருக்கும் ஆவணப்படம் கிடைப்பதில்லை.

● பொதுக் கம்பத்தில் ஒட்ட எனக்குக் கருத்துரிமை இருக்கிறதே?
— சட்டம் படித்தவர், கோட்-டே-நேஜ்

பாதி சரி. பீட்டர்பரோவில் ஓர் இசைக்கலைஞர் தம் குழுவின் நிகழ்ச்சிச் சுவரொட்டியைக் கம்பத்தில் ஒட்டி மாட்டிக்கொண்டார். வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. பொது இடத்தில் சுவரொட்டிகளை முற்றாகத் தடை செய்வது கருத்துரிமைக்கு விரோதம் என்று 1993-இல் தீர்ப்பு வந்தது. 2010-இல் கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றமும் மொன்றியலின் தடைவிதியைச் செல்லாது என்றது. ஆனால் முழுத் தடைதான் கூடாது. எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று நகரசபை ஒழுங்கு வைக்கலாம். படித்த சட்டத்தின் மறுபாதியையும் படித்துவிடுங்கள்.

● பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் கதவில்?
— மீண்டும் அதே சட்டம் படித்தவர்

அங்கே அரசியல் சாசனம் வராது. பக்கத்து வீட்டுக்காரர்தான் வருவார்.

● அனுமதியை மொன்றியலில் கேட்பதா, டிடிஓவில் கேட்பதா?
— குழம்பியவர், சோர்ஸ் வீதி

டிடிஓவில்தான், அதாவது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். 2002-இல் மொன்றியலோடு ஒட்டப்பட்டு, 2006-இல் மறுபடி உரித்தெடுக்கப்பட்ட நகரம் நம்முடையது. ஒட்டுவதும் உரிப்பதும் டு சலபெரி வீதி நகரமண்டபத்துக்குப் புதிதல்ல. பூங்கா, நூலகம் என்றால் அங்கே கேளுங்கள். கடைச் சுவர் என்றால் கடைக்காரரை, கட்டடம் வாடகை என்றால் சொந்தக்காரரையும் சேர்த்து.

● கியூஆர் கோட் நம் புள்ளிக் கோலத்தைப் பார்த்து ஜப்பான்காரன் திருடியது என்று எங்கள் குடும்பக் குழுவில் வந்தது. உண்மையா?
— சித்தப்பா, லாவல்

குடும்பக் குழுவில் வந்த பிறகு உண்மையாக இருக்கவேண்டிய அவசியம் என்ன, சித்தப்பா? 1994-இல் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. கறுப்பும் வெள்ளையுமாகக் காய் வைத்து ஆடும் ‘கோ’ பலகைதான் யோசனை தந்தது. காப்புரிமை இருந்தும் யாரிடமும் அவர்கள் காசு கேட்கவில்லை. அதனால்தான் இன்று தேங்காய்க் கடைவரை அது வந்திருக்கிறது. திருடியவர்கள் என்கிறீர்கள், தானம் செய்தவர்கள் அவர்கள்.

● என் பேரன் கியூஆர் மீது பிள்ளையார் படம் ஒட்டிவிட்டான். ஆனாலும் வேலை செய்கிறதே! பிள்ளையார் அருளா?
— அம்மம்மா, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ

பாதி அருள், பாதி கணக்கு, அம்மம்மா. அந்தச் சதுரத்துக்குள் செய்தியோடு, அதே செய்தியை மீட்டெடுக்கும் உபரித் தகவலும் சேர்த்தே எழுதப்படுகிறது. நான்கு நிலைகள் உண்டு. உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் மிச்சத்தை வைத்துக் கைபேசி கூட்டிப் படித்துவிடும். கலைஞர்கள் நடுவில் படம் வரையத் துணிவது இதனால்தான். ஆனால் மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய கட்டங்களைத் தொடக்கூடாது. கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி 1:1:3:1:1 விகிதத்தில் அமைந்தவை அவை. ஹாராவின் குழு துண்டறிக்கை, சஞ்சிகை, அட்டைப்பெட்டி என்று அச்சில் வந்ததையெல்லாம் அலசி, மிக அரிதாக வரும் விகிதம் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கைபேசி முதலில் தேடுவது அதைத்தான். பிள்ளையாரை நடுவிலேயே இருக்கவிடுங்கள். மூலைக்குத் தள்ள வேண்டாம்.

● டிடிஓவில் ஸ்டிக்கர் கலை எடுபடுமா? உள்ளதைச் சொல்லுங்கள்.
— வடிவமைப்பாளர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ

சென் லோரானில் எடுபடுவது போல எடுபடாது. அது நடக்கும் வீதி. நம்முடையது ஓட்டும் ஊர். சுமார் 48 ஆயிரம் பேர் இருக்கிறோம்; கடைக்குப் பால் வாங்கப் போவதற்கும் காரை எடுக்கிறோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு ஸ்டிக்கர் கண்ணில் படாது. பட்டு, ஸ்கேன் செய்ய முயன்றால் அடுத்த காரில் படுவார்.

ஆகவே சுவரைத் தேடாதீர்கள். மனிதர் காத்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். சென் ரெஜிஸ் வீதித் திருமுருகன் கோயிலில் தேர் பார்க்க வந்தவர் நிற்கிறார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். பிள்ளை பனிச்சறுக்கு முடித்து வரும்வரை அரங்கில் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். நூலகத்தில், பல் வைத்தியரிடம், சலூனில் இருக்கிறார்கள். கையில் ஏற்கெனவே கைபேசி. மனதில் ஏற்கெனவே அலுப்பு. இதைவிட நல்ல வாசகர் உலகில் கிடையாது.

● மைனஸ் 25-இல் கையுறையைக் கழற்றி யார் ஸ்கேன் செய்வார்?
— குளிர்கால எதிர்ப்பாளர், பார்க் எக்ஸ்டென்ஷன்

காதலில் இருப்பவரும், பார்க்கிங் கட்டணம் கட்டுபவரும் மட்டும். மற்றவர்களுக்காக: குளிர்காலத்துக்கானதைக் கட்டடத்துக்குள் ஒட்டுங்கள். வெளியே ஒட்டுவதைக் கோடையிலேயே முடித்துவிடுங்கள். சாதாரணப் பசை பிடிப்பதற்குப் பத்துப் பாகையாவது வேண்டும், பிடித்த பிறகு குளிரைத் தாங்கும். காகிதம் வேண்டாம், வைனில். பளபளப்பு வேண்டாம், பனியில் பட்ட வெயில் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். பனி வாரும் வண்டி குவிக்கும் உயரத்துக்கு மேலே ஒட்டுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு: எவ்வளவு தூரத்தில் நின்று ஸ்கேன் செய்வாரோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். ஒரு மீட்டர் தூரமென்றால் 10 சென்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். அழகுக்காக அதை வெட்டினால் கைபேசிக்குக் கண் தெரியாது.

● தமிழில் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டினால் மொழிக் காவலர் வருவாரா?
— உணவக உரிமையாளர், பெயரும் ஊரும் தவிர்க்கவும்

உணவக விளம்பரமென்றால் வரலாம். கியூபெக்கில் வணிக விளம்பரங்களில் பிரெஞ்சு கட்டாயம். வேறு மொழியும் சேர்த்தால் பிரெஞ்சே தெளிவாக மேலோங்கி நிற்க வேண்டும். டிடிஓ நகரசபைக்கு இருமொழித் தகுதி உண்டு. அது நகரசபைக்கு, உங்கள் தோசைக்கு அல்ல. லாபநோக்கமில்லாத மத, அரசியல், கருத்தியல், மனிதாபிமானச் செய்திகளுக்கு மொழிச் சாசனத்தின் 59-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே கோயில் அறிவிப்பும் கொத்துரொட்டி விளம்பரமும் ஒன்றல்ல, பக்தி ஒன்றாகவே இருந்தாலும்.

● கண்ட கண்ட சதுரத்தை ஸ்கேன் செய்தால் வங்கிப் பணம் போய்விடும் என்கிறார்களே?
— பயந்த சுபாவம், கோட்-டே-நேஜ்

உங்கள் பயம் நல்ல பயம். 2021 செப்டெம்பரில் கியூபெக் தடுப்பூசிக் கடவுச்சீட்டு வந்தபோது நம் தாத்தா பாட்டிகள்வரை கியூஆர் பழகினார்கள். மோசடிக்காரர்களும் கூடவே பழகினார்கள். 2022 ஜனவரியில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் பார்க்கிங் இயந்திரங்களில் போலி கியூஆர் ஸ்டிக்கர்கள் சிக்கின. கட்டணம் கட்டப் போனவர்களைப் பொய்த் தளத்துக்கு இழுத்துப் போனவை.

மூன்று பழக்கம் போதும். விரலால் தடவிப் பாருங்கள்; ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் இருந்தால் விலகுங்கள். திறக்கும்முன் திரையில் தெரியும் முகவரியைப் படியுங்கள். தெருவில் கண்ட கோட் வழியாக ஒருபோதும் பணம் கட்டாதீர்கள், கடவுச்சொல் தட்டாதீர்கள். கலை காசு கேட்காது; கேட்டால் அது கலை அல்ல.

● நம் நாட்டு அரசியல்வாதிகள் இதையும் விட்டுவைக்கவில்லையாமே?
— பழைய தொண்டர், சென்னை

விடுவார்களா? 2022 செப்டெம்பரில் பெங்களூரு சுவர்களில், பணம் கட்டும் செயலியின் பெயரைக் கேலி செய்து ‘பேசிஎம்’ சுவரொட்டிகள் முளைத்தன. கியூஆர் சதுரத்தின் நடுவில் அன்றைய கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மையின் முகம். ஸ்கேன் செய்தால் 40 சதவீதக் கமிஷன் குற்றச்சாட்டைச் சொல்லும் காங்கிரஸ் தளம் திறந்தது. 2024 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பிரதமர் மோடியின் படத்தோடு ‘ஜி பே’ சுவரொட்டிகள். ஸ்கேன் செய்தால் ஊழல் குற்றச்சாட்டுக் காணொளி.

நுட்பம் என்னவென்றால், சுவரொட்டியில் குற்றச்சாட்டின் முழு விவரம் இல்லை. வாசகர்தான் தம் கைபேசியை நீட்டி, தாமே போய் அதைக் கேட்கிறார். பிறர் சொன்னதைச் சந்தேகிப்பவர்கூடத் தாமே தேடிக் கண்டதை நம்பிவிடுவார். பெங்களூருவில் ஒட்டிய சிலரைக் கைது செய்தார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொதியில் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் படம் ஒட்டியதற்கே தமிழ்நாடு கொதித்தது. அந்த ஸ்டிக்கருக்குப் பேச்சு வராது. இப்போதையவை பேசுகின்றன.

● எங்கள் சங்கம் ஒட்டிய கியூஆர் ஒரு வருடத்தில் செத்துவிட்டது. ஏன்?
— முன்னாள் செயலாளர், மொன்றியல்

பதில் உங்கள் பதவியிலேயே இருக்கிறது: முன்னாள். சதுரம் சாகாது, அது காட்டும் முகவரிதான் சாகும். இலவசச் சேவையில் எடுத்த கோட் என்றால், சேவைக்காரர் சந்தா கேட்கும் நாளில் கதவு மூடும். சொந்த முகவரி என்றால், புதுப்பிக்க மறந்த நாளில் வேறு யாரோ குடியேறுவார். 2015-இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் தக்காளி கெட்சப் போத்தலின் கியூஆரை ஸ்கேன் செய்த ஒருவருக்கு ஆபாசத் தளம் திறந்தது. போட்டி முடிந்து நிறுவனம் கைவிட்ட முகவரியை அந்தத் தளத்தார் வாங்கியிருந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. முப்பது நாடு பறந்த மஞ்சள் அம்பும் இன்று பதில் சொல்வதில்லை. உங்கள் சங்க ஸ்டிக்கர் எந்தக் கதவைத் திறக்கிறது என்று இன்றே போய்ப் பாருங்கள். சும்மா செத்திருந்தால் அதிர்ஷ்டம்.

● இணையமே இல்லாமல் கியூஆரில் எதையாவது வைக்க முடியாதா?
— சிக்கனக்காரர், லாவல்

முடியும், பலருக்குத் தெரியாது. முகவரிக்குப் பதில் எழுத்தையே உள்ளே வைக்கலாம். ஆகப் பெரிய சதுரம் 177-க்கு 177 கட்டம். 2,953 பைட் கொள்ளும். தமிழ் கொஞ்சம் இடம் கேட்கும் மொழி. ‘முருகா’ என்று எழுத 18 பைட் வேண்டும். ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒன்றே போதும். இருந்தாலும் ஒரு திருக்குறள் நடுத்தரச் சதுரத்தில் வசதியாக உட்காரும். சந்தா இல்லை, சர்வர் இல்லை, செயலாளர் மாறினாலும் கவலை இல்லை. பல நூற்றாண்டு தாங்கிய வள்ளுவருக்கு ஏற்ற ஏற்பாடு.

● ஒரே ஸ்டிக்கர் எனக்குத் தமிழிலும் மகளுக்குப் பிரெஞ்சிலும் பேசுமா?
— இருமொழி வீட்டார், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ

பேசும். 2011-இல் ரோஜர் பாம்கினும் டெரன்ஸ் ஈடனும் உருவாக்கிய ‘கியூஆர்பீடியா’ இங்கிலாந்தின் டார்பி அருங்காட்சியகத்தில் அறிமுகமானது. கைபேசி எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்து, அந்த மொழி விக்கிப்பீடியாக் கட்டுரையைத் திறக்கும். 2012-இல் வேல்ஸின் மொன்மத் என்ற சிற்றூர் முழுக்க இவற்றை ஒட்டித் தன்னை விக்கிப்பீடியா ஊர் என்று அறிவித்துக்கொண்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. ஆனால் தமிழ்க் கட்டுரை இருந்தால்தானே திறக்கும்? முதலில் நம் ஊரைப் பற்றித் தமிழில் எழுதுங்கள்; பசை அப்புறம்.

● என் மகன் பாரிஸ் தெருவெல்லாம் அண்ணாந்து பார்த்து கைபேசியைத் தூக்குகிறான். வைத்தியம் வேண்டுமா?
— கவலையான தாய், லா சப்பல்

வேண்டாம். ‘இன்வேடர்’ என்ற கலைஞர் 1998 முதல் அங்கே சுவர்களில் பழைய வீடியோ விளையாட்டு உருவங்களைச் சில்லு ஓடுகளால் பதித்து வருகிறார். 2014 முதல் அதற்கொரு செயலியும் உண்டு: நேரில் கண்டுபிடித்துப் படமெடுத்தால் புள்ளி. பிள்ளை கைபேசிக்காகத் தெருவில் நடக்கிறான். நாம் கெஞ்சியும் நடக்காத நடை அது.

● ஒட்டுவது சரி, உள்ளே என்ன கதை வைப்பது? எங்களுக்கு என்ன வரலாறு?
— ஓய்வுபெற்றவர், பார்க் எக்ஸ்டென்ஷன்

ஐயா, 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களில் பலர் வந்திறங்கியது மொன்றியலில். சிலர் இன்று நீங்கள் பேருந்து ஏறும் நிறுத்தத்தில்தான் முதல் பேருந்து ஏறியிருப்பார்கள். முதல் குளிர்கோட்டு எங்கே வாங்கினீர்கள், எந்தத் தொழிற்சாலையில் இரவுவேலை, ஊருக்குப் பேச எந்தக் கடையில் தொலைபேசி அட்டை? ஒரு நிமிடம், உங்கள் குரலில். அதுதான் வரலாறு.

ஆனால் இரண்டு நிபந்தனை. சொல்பவரின் சம்மதம் வேண்டும். போரைக் கடந்து வந்தவர்கள் சொல்லும் சில கதைகள் இன்னும் ஊரில் இருப்பவரைப் பாதிக்கலாம். பெயரை நீக்கச் சொன்னால் நீக்குங்கள். கதையையே நீக்கச் சொன்னாலும் நீக்குங்கள்.

● நமக்கு முன்பே இங்கே இருந்தவர்களின் கதை?
— நியாயவாதி, டொரொண்டோ

கேட்டதற்கு நன்றி. 2013-இல் உங்கள் நகரில் சூசன் பிளைட்டும் ஹேடன் கிங்கும் குயின் வீதிப் பெயர்ப்பலகை மேல் ‘ஒகிமா மிகானா’ என்று அனிஷினாபே மொழியில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதன் படம் இணையத்தில் பரவியது. மூன்று ஆண்டு கழித்து டூபோன்ட் பகுதிப் பலகைகளில் பழங்குடிப் பெயர்கள் அதிகாரபூர்வமாகவே ஏறின. தெருவில் ஒட்டியது இணையம் போய், இணையத்தில் பேசியது திரும்பத் தெருவுக்கு வந்தது. டிடிஓவின் பெயரோ 1660-இல் இரொக்குவா போர்வீரரோடு மோதி இறந்த ஒரு பிரெஞ்சுத் தளபதியுடையது. இங்கே மறுபக்கத்தின் குரலுக்கும் ஒரு ஸ்டிக்கர் கடன் இருக்கிறது.

● கடைசியாக, தொடங்க விரும்புகிறவருக்கு ஒரே ஓர் அறிவுரை?
— அவசரக்காரர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ

நூறு அச்சடிக்காதீர்கள், ஒன்று செய்யுங்கள். அதில் சதுரத்துக்குக் கீழே, திறந்தால் என்ன வரும், ஒட்டியது யார் என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதுங்கள். இடத்துக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். முக்கியமாக, ஐந்து வருடம் கழித்து அந்த முகவரியைப் புதுப்பிக்கப்போவது யார் என்று ஒரு பெயரை இன்றே முடிவு செய்யுங்கள். அந்தப் பெயர் கிடைக்காவிட்டால் குறளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பசை எல்லோரிடமும் இருக்கிறது. பராமரிக்க ஆள்தான் கிடைப்பதில்லை.